இருக்கட்டும்

1

இந்தக் கதை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பிறந்தது. குழந்தை டாக்டர் என் மகனை வாய் திறக்கச் சொல்லி, நாக்கை அமுக்கி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டான்சில் எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கலையே டாக்டர்."

"எடுக்கலையா?" மறுபடி குனிந்து பார்த்தார். "அப்ப எங்க போச்சு?"

நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். 'அப்ப எங்க போச்சு' என்று ஒரு டாக்டர் கேட்டால், பயம் வருவதற்கு அரை வினாடி முன்னால், அடடா, நல்ல முதல் வரியாச்சே என்று தோன்றுகிற ஜென்மம். காறித் துப்புங்கள், பரவாயில்லை. நானே துப்பிவிட்டேன்.

மகனுக்கு நாலு வயது. பிறந்து ஆறு மாதம் வரை ஒரு தும்மல் கிடையாது. அதன்பிறகு காதில் சீழ், மூக்கில் சளி, நெஞ்சில் கபம், திரும்பவும் காது. மற்ற பிள்ளைகளுக்கு மூன்று நாளில் போகிற ஜலதோஷம் இவனை மூன்று வாரம் படுக்கையில் போடும். நிமோனியா மட்டும் மூன்று தடவை. 'ரொம்பப் பொத்திப் பொத்தி வளக்குற' என்றார்கள். 'கண்ணு பட்டிருக்கு' என்றார்கள். 'நீ எழுதுறேன் எழுதுறேன்னு உக்காந்துட்டா பிள்ளைய யார் பாக்குறது' என்றும் சொன்னார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற புரதத்தை உண்டாக்க இவன் உடம்புக்குத் தெரியவில்லை. பிறவியிலேயே தெரியாது. வயிற்றில் இருந்தபோது என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதுதான் முதல் ஆறு மாதம் காப்பாற்றியிருக்கிறது. டான்சில் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடந்ததும் அதனால்தான்.

2

தொடக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை:

'அன்று மழை பெய்துகொண்டிருந்தது.' கிழித்துப் போட்டேன். என் எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது. 'மழையை இவரைப் போல எழுத ஆளில்லை' என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஏன் எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நான்காம் பகுதியில் நானே சொல்கிறேன்.

'என் மகனின் உடம்பில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது.' இது மருத்துவத்தின்படி சரி. மரபணுவில் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அம்மா இதைப் பார்த்தால் ஓரத்தில் 'ஜிகினா' என்று எழுதுவாள். அழகுக்காகச் சேர்த்த வரிகளுக்கு அவள் வைத்த பெயர் அது.

'என் அம்மா ஒரு'

இந்த மூன்றாவது அப்படியே நின்றுவிட்டது. முடிக்க முடியாததால்தான் இதையே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

என் அம்மா ஒரு அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவள். அச்சான தாளில் பிழை தேடுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கடைப் பலகை, மருந்துப் பாட்டில், பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, எதைப் பார்த்தாலும் உதடு அசையும். "இங்க ஒரு 'ப்' போட்டா இவனுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்று தெருவில் நின்று யாரோ ஒரு கடைக்காரனுக்காக வருத்தப்படுவாள். நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். சிவப்புப் பென்சிலோடு.*

(* இந்தக் கதையில் ஒற்றுப்பிழை இருந்தால் பழி என்னுடையது. அம்மா கண்ணுக்குத் தப்பாது.)

அவளுடைய குறிகளில் மூன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு வரி வேண்டாம் என்றால் மேலே நேர்க்கோடு. ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஒரு கூரைக் குறி, ஓரத்தில் 'விடுபட்டது'. மூன்றாவது, தவறாக அடித்துவிட்ட வரியைத் திரும்பக் கொண்டுவருவது. அதற்கு அந்த வரியின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பாள். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவாள். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, வரி அப்படியே நிற்கட்டும் என்று அர்த்தம்.

வீட்டிலும் அந்தச் சொல்தான். நான் கண்ணாடித் தம்ளரை உடைத்தால், "இருக்கட்டும்." ஒருநாள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. அப்போதும் கதவைச் சாத்திவிட்டு, "இருக்கட்டும், பொங்கின பாலைப் பாரு," என்றாள். அவள் எதை ஏற்றுக்கொள்கிறாள், எதைத் தலைமுழுகுகிறாள் என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

3

ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த 'காலணிகளை கழற்றவும்' என்ற அறிவிப்பில் என்ன தப்பு என்று நாலு வயதுப் பிள்ளைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மா பக்கத்துல, சின்ன வயசுலயே தவறிப்போன ஆம்பளப் பசங்க யாராவது உண்டா?"

மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தம்பி," என்றேன். "அஞ்சு வயசு. நிமோனியா."

"அதுக்கு முன்னாடி?"

"காதுல சீழ் வடிஞ்சுட்டே இருக்கும். எப்பவும் பஞ்சு வெச்சிருப்பான். பஞ்சுன்னுதான் கூப்பிடுவோம்."

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம். என் மகனுடைய சதுரத்தைக் கறுப்பாக்கினார். பக்கத்துக் கிளையில் இன்னொரு சதுரத்தைக் கறுப்பாக்கி, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பஞ்சு. அப்புறம் என் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். மேலே இருந்த வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி.

"உங்களை எதுவும் பண்ணாது. உங்க அம்மாவையும் பண்ணாது. பொம்பளைங்க கிட்ட ஒளிஞ்சிருக்கும், ஆம்பளப் பிள்ளைக்குப் போனா வெளிய வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. யார் தப்பும் இல்ல."

"மழையில நனைஞ்சா வருமா டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்க தம்பிக்கு அன்னைக்கு இல்லைன்னா இன்னொரு நாள் வந்திருக்கும்."

வெளியே வந்தேன். அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "இது என்ன புள்ளி?"

"அது... பேனா எழுதுதான்னு பாத்தாரும்மா."

அம்மா தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள். 

4

சரி, மழை.

எனக்கு ஒன்பது வயது, பஞ்சுவுக்கு ஐந்து. அம்மா அச்சகத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் அவனை நேரே வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியது என் பொறுப்பு. அன்று மழை பிடித்துக்கொண்டது. எங்காவது ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. எனக்கு நனைய ஆசை. அவனுக்கும்தான். தெரு ஓரம் தண்ணீர் சுழித்து ஓடியது. அவன் காதிலிருந்து பஞ்சை எடுத்துத் தண்ணீரில் விட்டான். அது போன வேகத்துக்கு அவனும் கூடவே ஓடி, "அக்கா, கப்பல்! கப்பல்!" என்று கைதட்டிச் சிரித்தான். இன்னொரு காதில் இருந்ததையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் அவன் இல்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். "நீ அவன மழையில கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பிறகு எப்போதும் எடுக்கவும் இல்லை. ஆனால் வானம் லேசாகக் கறுத்தாலே, "குடை எடுத்தியா?" என்பாள். முப்பது வருஷமாகக் கேட்கிறாள். அவள் முடிக்காததை முடித்துவிட வேண்டும் என்றுதான் நான் கதை எழுத வந்தேன் என்று நினைக்கிறேன். பதினெட்டுக் கதை எழுதியாயிற்று. இன்னும் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சுவுக்காக அச்சகத்துக்காரர்கள் ஒரு இரங்கல் தாள் அடித்துக் கொடுத்தார்கள். அம்மா வாழ்க்கையில் புரூஃப் பார்க்காமல் விட்ட தாள் அது ஒன்றுதான். அதில் இரண்டு பிழை. 'ஆழ்ந்தத் துயரத்துடன்' என்று இருந்தது, அங்கே 'த்' வரக் கூடாது. கீழே 'குடும்பதினர்' என்று இருந்தது, அங்கே 'த்' வந்திருக்க வேண்டும். மேலே இருந்ததை எடுத்துக் கீழே வைத்திருந்தால் போதும். அம்மா அதை அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறாள்.

மழையில் அவனைக் கூட்டிப் போனது நான்.

[அந்தக் குறையை அவனுக்குக் கொடுத்தது அம்மா.]*

(* சதுர அடைப்புக்குள் இருப்பது நான் அடித்துவிட்ட வரி. பேனாவை அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். எந்த அம்மாவும் படிக்கக் கூடாத வரி. அச்சில் வராது.)

5

இப்போது என் இக்கட்டு புரிகிறதா உங்களுக்கு? என் தலையிலிருந்து பாரம் இறங்க வேண்டுமானால் அதை அம்மா தலையில் ஏற்ற வேண்டும். நடுவில் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் ஒன்றும் கிடையாது.

இந்தக் கதையை அம்மாவிடம் காட்டாமல் நேரே பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம். அச்சானதும் படிப்பாள். அது நானே காட்டுவதைவிடக் கேவலம். எழுதாமலே விட்டுவிடலாம். அதையும் முயன்று பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அவருக்கு எல்லாமே லிப்ட்தான். மகனுக்குக் காய்ச்சல் ஏறினால், "மூணாவது மாடிக்குப் போயிட்டான், இறங்கிடுவான்," என்பார். அவரிடம் கேட்டேன்.

"சொல்லிடு," என்றார்.

"தாங்குவாங்களா?"

"சொல்லாம வெச்சா ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மாதிரி. உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் மூச்சு முட்டும்."

"பாரத்தைக் கொண்டுபோய் அவங்க மேல போடுற மாதிரி இருக்கு."

"நீ முப்பது வருஷம் தாங்கலையா?" என்றார். அப்புறம், "கோவிச்சுக்காத," என்றார். நான் கோபித்துக்கொண்டேன்.

மகனுக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அரை நாள், கையில் ஊசி. ஆயுசுக்கும். முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. மகன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "இது அவங்களுக்கு வேணாமா?"

"அவங்க கிட்ட நிறைய இருக்கு கண்ணா."

"என் கிட்ட?"

பதில் சொல்ல அம்மா முந்திக்கொண்டாள். "உன் கிட்ட விடுபட்டிருச்சு. அதான் சேக்குறாங்க."

நுரையீரலின் ஒரு மூலை ஏற்கெனவே கெட்டுவிட்டது. அது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் கெடாமல் பார்ப்பதுதான் வழி. நான் ஜன்னல் பக்கம் போய் நின்று அழுதேன். அம்மா பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, நான்காம் பகுதி வரை எழுதியிருந்த தாள்களை அம்மாவின் மேசைமேல் வைத்தேன். அடித்த வரி அடித்தபடியே இருந்தது. "புதுக் கதை," என்றேன். அவள் கண்ணாடியைத் தேடினாள்.

6

இந்த இடத்தில் ஒரு முடிவை நானே கற்பனை செய்து வைத்திருந்தேன்: அம்மா படிக்கிறாள், ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள், இருவரும் அழுகிறோம். இன்னொன்று: அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறாள், நான் கொலைகாரி ஆகிறேன், இரண்டாவது முறையாக. மூன்றாவது: அம்மா படிக்கவே

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

மதியம் தாள்கள் என் மேசைக்கு வந்தன. வழக்கம்போல. முதல் பகுதியில் இரண்டு ஒற்றைச் சேர்த்திருந்தாள். 'சுமைதாங்கி' பற்றி எழுதியதை அவள் இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் 'ஜிகினா' என்பாள். டாக்டரின் பேச்சில் கை வைக்கவில்லை. நான்காம் பகுதிக்கு வந்தேன்.

'மழையில் அவனைக் கூட்டிப் போனது நான்' என்ற வரியின் மேல் நேர்க்கோடு. சிவப்பு. ஒரே இழுப்பு.

அதற்குப் பக்கத்தில் ஒரு கூரைக் குறி. ஓரத்தில், அவளுடைய மணிமணியான எழுத்தில்:

'விடுபட்டது: அன்று காலையிலேயே அவனுக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் முடிக்க வேண்டிய புரூஃப் இருந்தது. சேர்க்கவும்.'

அதற்கும் கீழே, நான் தாள் கிழிய அடித்திருந்த வரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படித்திருக்க வேண்டும். அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தோரு புள்ளி. ஓரத்தில் 'இருக்கட்டும்'.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாசமெல்லாம் இல்லை. பொங்கிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம்மா."

"தெரியும்."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே!"

"வாய் வரலடி."

"நான் ஒவ்வொரு மழைக்கும் செத்துச் செத்துப் பொழச்சேன். உனக்குத் தெரியுமா?"

"நீ எழுதின அத்தனை மழையையும் நான்தானே புரூஃப் பாத்தேன்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னு பென்சில எடுப்பேன். ஒத்து மட்டும் போட்டுட்டுக் குடுத்துடுவேன்."

அவள் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அரிசி எப்போதோ களைந்தாகிவிட்டது.

"அந்த இன்னொரு வரி எதுக்கு? அதை நான் அடிச்சுட்டேனே. அது உன் தப்பு இல்லம்மா. உனக்கே தெரியாது."

"படத்துல ரெண்டு வட்டத்துக்குள்ள புள்ளி. கீழ நீ, மேல யாரு? பேனா எழுதுதான்னு பாத்தாராம். யாருக்குடி காது குத்துற?" லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "தெரியாம விட்டாலும் பிழை பிழைதான். எங்க வேலையில தெரியாதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப என் பிள்ளைக்குக் குடுத்தது நான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வரி உன் கதையில எங்க இருக்கு?"

இல்லை. எங்கேயும் இல்லை. நான்கு பகுதி எழுதியிருக்கிறேன், மழையை எழுதினேன், அம்மாவை எழுதி அடித்தேன், இந்த ஒன்றை எழுதவே இல்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே அவள் குறி எதுவும் போடவில்லை. அதை நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள், அல்லது அவளுக்கே மனசு வரவில்லை.

"இருக்கட்டும்னு எழுதியிருக்கியே," என்று கேட்டேன். "வரி இருக்கட்டுமா? இல்ல, போனது போகட்டும், விடுன்னு சொல்றியா?"

"அரிசி ஊறுது, தள்ளு," என்றாள் அம்மா.

7

அழகான முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது. அடுத்த மருந்து நாளன்று நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். மழை. மகன் குடைக்கு வெளியே கையை நீட்டுகிறான். நான் பதறி இழுக்கப் போகிறேன். அம்மா என் கையைப் பிடித்து, "இருக்கட்டும்," என்கிறாள்.

ஜிகினா. அன்று மழையே பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மகனுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள், அவன் என்னைக் கெட்ட அம்மா என்று திட்டினான். அம்மா அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். வானம் கறுத்த நாட்களிலாவது வழக்கம்போலக் கேட்டாளா என்றால், இல்லை. "குடை எடுத்தியா?" என்று அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. ஒவ்வொரு தடவையும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

இப்போது பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா உயிர் கொடுத்த வரி நிற்கிறது. அவள் சேர்க்கச் சொன்னதைச் சேர்த்தாயிற்று. என் பிள்ளைக்கு அதைக் கொடுத்தது நான்: இதோ, எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஒரே ஒரு வரி. மழை வரி. திருத்துகிறவர் அடித்தால் எழுதியவள் எடுத்துவிட வேண்டும், எங்கள் வீட்டு நியாயம் அது. அது சுமத்துகிற பழி பொய்யும்கூட. டாக்டரே சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி விடுதலை ஆகிவிடுவாள்.

ஆனால் கை வரவில்லை. அவன் கைதட்டிச் சிரித்தது அந்த மழையில்தான். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சீழ் வாடை, மருந்து, இருமல். அவனை நான் கூட்டிப் போகவில்லை என்று ஆகிவிட்டால் அந்தச் சிரிப்புக்கு யார் சாட்சி?

நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்த வரி இன்னும் அங்கே இருந்தால், அம்மா பேச்சை நான் கேட்கவில்லை, அதன் கீழே நானும் புள்ளி வைத்துவிட்டேன் என்று அர்த்தம். குற்றம் என்று வைத்துக்கொண்டேனா, தம்பி என்று வைத்துக்கொண்டேனா, எனக்கே பிடிபடவில்லை. முதல் தடவை படித்தபோது உங்களுக்கு எப்படித் தோன்றியதோ, அப்படியே இருக்கட்டும்.